பின்சீட்டில் இரண்டு மூட்டை அரிசி

வளைவில் ஆடாத கார் வேண்டுமென்றால் மாத்தளையில் யாரைக் கேட்டாலும் என் கராஜைத்தான் காட்டுவார்கள். ரத்தோட்டை வீதியில், மரக்காலைக்கு அடுத்த கதவு. என்ஜினில் கைவைக்க மாட்டேன், பெயின்ட் அடிக்க மாட்டேன். காரின் அடிப்பக்கம் மட்டும்தான் என் வேலை. செஸி, ஸ்பிரிங், குலுக்கலை அடக்குகிற ஷொக், மூட்டுகளில் செருகுகிற புஷ், அவ்வளவுதான். வில்கமுவையிலிருந்து நெல் ஏற்றி இடுப்பொடிந்த வான்கள் வரும். சீகிரியாவில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக் குலுக்கியெடுத்த வண்டிகள் வரும். எல்லாவற்றையும் இறுக்கி அனுப்புவேன். ஊர் என்னை நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடும். முஸம்மில் நானா கட்டின கார் தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போகும் என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத் தலை வீங்கிப்போனவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பார்த்துப் பாவப்பட வேண்டாம்.

என் மனைவி முனவ்வராவுக்குப் போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மார்பில் கட்டி கண்டார்கள். வெட்டி எடுத்தார்கள். எடுத்து ஆறு மாதத்தில் அது முதுகெலும்புக்குப் போய்விட்டது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பஸ்ஸில் உட்கார அவளால் முடியாது. எங்களிடம் இருந்தது இருபத்தேழு வருடம் ஓடிக் களைத்த ஒரு ஜப்பான் ஸ்டேஷன் வேகன். ஊரார் கார்களையெல்லாம் இறுக்கியவன் என் காரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை அவளைப் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்க வைத்தோம். அவளுடைய தங்கை றமீஸா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அக்குறணை வருவதற்குள் முனவ்வரா இரண்டு தரம் வாந்தி எடுத்தாள்.

"கார் தொட்டில் மாரி ஆடுதுங்க. வயித்தப் பொரட்டுது" என்றாள்.

மருந்துக்கும் வாந்தி வரும் என்று றமீஸா சொன்னாள். என் காதில் விழவில்லை. கார் ஆடுகிறது என்பதுதான் விழுந்தது. அவள் உடம்புக்குள் நடக்கிற எதற்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் அவர்கள் சொல்வதில் பாதி எனக்கு விளங்காது. ஆனால் கார் ஆடுகிறதா, அதற்கு மருந்து என்னிடம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அன்று வீடு திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோய் எலும்புக்குப் போனது தெரிந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, அவளுக்காகச் செய்ய எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

அடுத்த நாளே காரைக் கராஜுக்குள் ஏற்றினேன். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செய்கிற சசிக்குமாரைக் கூப்பிட்டேன். எல்கடுவைத் தோட்டத்து ஆள். இரும்பை ஒட்டினால் ஒட்டின இடம் தெரியாது. ஒரு மூலையில் ஜாக் போட்டுத் தூக்கிவிட்டுப் பின்கதவைச் சாத்திப் பார்த்தேன். சாத்த முடியவில்லை. பாடி அந்த அளவுக்கு முறுகியிருந்தது. வீட்டுச் சுவர் சரிந்தால் ஜன்னல் மூடாதே, அதேதான். ஆடுகிற பாடியில் எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் வீண். முதலில் பாடியை இறுக்க வேண்டும்.

கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிக் கம்பியைத் திறந்து துருவைச் சுரண்டி உள்ளே தகடு வைத்து ஒட்டினோம். முன்னால் இரண்டு ஷொக்குக்கும் தலைமாட்டில் குறுக்கே ஒரு பார் கட்டினோம், பின்னாலும் ஒன்று. உழைத்துத் தேய்ந்த ரப்பர் புஷ்களைக் கழற்றிவிட்டுக் கடைசலில் நைலோன் புஷ் கடைந்து போட்டேன். ஜாக்கில் தூக்கிச் சாத்தியபோது கதவு ஒரு விரலில் மூடியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

சசிக்குமார் அதைத்தான் சொன்னான்.

"பாடி இறுகிருச்சுங்க நானா. இனி ஸ்பிரிங் பழசே போதுங்க. கொஞ்சம் எளக்கமா இருந்தா அக்காவுக்கு நல்லதுதானுங்களே."

"நீ இரும்ப ஒட்டு. ஸ்பிரிங்க நான் பாத்துக்கொள்றன்" என்றேன்.

எனக்குத் தெரியாததை அவன் சொல்லவில்லை. பாடி இறுக்கம், ஸ்பிரிங் இளக்கம், அதுதான் பயணிக்குச் சுகம் என்று நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஆடக்கூடாது. ஒரு விரல் அளவுகூட ஆடக்கூடாது. ஒரு வானிலிருந்து கழற்றிய தடித்த ஸ்பிரிங்கை அளவுக்கு வெட்டிப் பின்னால் போட்டேன். வளைவில் சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பியையும் தடித்ததாக மாற்றினேன்.

பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். பின்சீட்டில் ஆள் இருக்கிற பாரத்தோடு சோதிப்பதுதான் என் முறை. முனவ்வரா எழுபத்தைந்து கிலோ. அது எனக்கு மனப்பாடம். அவள் பின்னால் ஏறினால் "பின் ஸ்பிரிங் பாவம்" என்பேன். "ஒங்கட தொந்திய முன் ஸ்பிரிங் தூக்கல்லயா?" என்பாள். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பகிடி ஓடியது. கடையில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்றும் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றும் வாங்கிப் பின்சீட்டில் வைத்தேன். ரத்தோட்டை தாண்டி றிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற வளைவுகளில் ஓட்டினேன். எப்பேர்ப்பட்ட ஓட்டம்! திருப்பின பக்கம் திரும்பியது, நிறுத்தின இடத்தில் நின்றது. இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பார்த்தேன். இரண்டு மூட்டையும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஓர் அங்குலம் சரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை முனவ்வரா வாந்தி எடுக்கவில்லை.

"எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாழ்ந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கராஜைப் பூட்டும் முன்னர் மறுபடி காருக்குக் கீழே போனேன். ஒரு நட் கூட்டி இறுக்கினேன். அடுத்த வாரம் ஷொக்கை இன்னும் கடினமானதாக மாற்றினேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்பேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நல்லம் என்பாள். கிருமி தொற்றும் என்று டொக்டர் சொன்னதால் பயணம் முழுக்க முகக்கவசம் போட்டிருப்பாள். கண்ணாடியில் பார்த்தால் கண்கள் மட்டும் தெரியும், அதுவும் மூடியிருக்கும். தூங்குகிறாள் என்று நினைப்பேன். கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியை அவள் பிடித்திருப்பதும் தெரியும். தூங்குகிற மனுசி எதற்குக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

இப்படிப் பதினொரு வாரம் போனது.

பன்னிரண்டாவது வாரத்துக்கு முன்னர், ஒரு வானின் ஸ்பிரிங்கை இறுக்கிக் கழற்றும்போது அது தெறித்து என் வலது மணிக்கட்டை உடைத்தது. கையை மாவு வைத்துக் கட்டினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை சசிக்குமார்தான் காரை ஓட்டினான். றமீஸாவின் பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் அவள் வரவில்லை. நான் முன்சீட்டில் இருந்து போனேன். கார் அருமையாகப் போனது. சசிக்குமாரைப் பார்த்து, "எப்படி?" என்று அவனிடமும் கேட்டேன். அவன் பாதையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

வழக்கமாக நான் அவளையும் தங்கையையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போய்விடுவேன். நான் திரும்பி வருவதற்குள் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். அன்றுதான் முதல் தடவையாக நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மருந்து ஏற்றுமுன் நிறை பார்ப்பார்கள். தாதி அவளைப் பிடித்துத் தராசில் நிறுத்திவிட்டுச் சிங்களத்தில் இலக்கத்தைச் சொல்லி அட்டையில் எழுதினாள். முப்பத்தெட்டு.

"மிஸ், தராசு பிழை போல. இன்னொரு தரம் பாருங்க" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அட்டையைத் திருப்பிக் காட்டினாள். போன வாரம் முப்பத்தொன்பது. அதற்கு முதல் வாரம் முப்பத்தொன்பதரை. முதல் செவ்வாய்க்கிழமையே ஐம்பதுக்குக் கீழேதான் இருந்திருக்கிறாள். ஸ்பிரிங் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வீதியின் மறுபக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறவன் நான். ஒரே பாயில் படுக்கிறவள் பாதியாகிப் போனது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அபாயாவும் சால்வையும் மறைத்தன என்று சொல்லலாம். அது சாட்டு. நான் பார்க்க விரும்பவில்லை, அதுதான் உண்மை.

அன்று மருந்து ஏற்றவில்லை. டொக்டர் சின்ன வயதுப் பெண், கண் கலங்காமல் பேசப் பழகியிருந்தாள். இனி இந்த மருந்தால் பயனில்லை, நோவுக்கு எழுதித் தருகிறேன், இவ்வளவு தூரம் கொண்டுவந்து இவங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றாள். கதவோரம் என்னைக் கூப்பிட்டுத்தான் சொன்னாள். ஆனால் முனவ்வராவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. பின்னால் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் கட்டின காரின் பின்சீட்டில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறும் இடத்தில் கீழேயிருந்து ஓர் உதை வந்தது. முதலில் டயர் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். முன்சீட்டில் இருக்கும்போது அந்த இடத்தில் சின்னதாக ஒரு சத்தம்தான் கேட்கும். பின்னால், சக்கரத்துக்கு நேர் மேலே, அது என் முதுகுத்தண்டில் ஏறிப் பிடரியில் முட்டியது. எனக்கே அப்படி. மடியில் கிடந்தவளின் உடம்பு முழுக்க ஒரு தரம் விறைத்துத் தளர்ந்தது. அவள் கை தன்பாட்டில் மேலே போய்க் கைப்பிடியைத் தேடியது.

அதற்குப் பிறகு பாதையில் இருந்த ஒவ்வோர் ஒட்டும், ஒவ்வொரு குழியும் எங்களை வந்து உதைத்தன. தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி மூடிய இடங்கள், கொங்கிரீட் மூடிகள், ஒன்று மிச்சமில்லை. வான் ஸ்பிரிங். எழுபத்தைந்து கிலோவுக்குக் கட்டின ஸ்பிரிங். முப்பத்தெட்டு கிலோவுக்கு அது அசைந்துகூடக் கொடுக்காது, அப்படியே தூக்கி எறியும். மூச்சு விட முடியாமல் அவள் முகக்கவசத்தை இறக்கினாள். அப்போதுதான் பார்த்தேன். சால்வையின் ஒரு முனையைச் சுருட்டிப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சசி, மெதுவாப் போ!" என்று கத்தினேன்.

"மெதுவா போனா இன்னும் குத்துங்க நானா. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளயும் எறங்கி ஏறும்" என்றான். அவன் சொன்னதும் சரிதான். வேகமாகப் போனாலும் உதை, மெதுவாகப் போனாலும் உதை. அந்தக் காரை நான் அப்படித்தான் கட்டியிருந்தேன்.

அளவத்துகொடையில் ஒரு மர நிழலில் நிறுத்தச் சொன்னேன். சசிக்குமார் இறங்கிப்போய்த் தள்ளி நின்றான்.

"எல்லா வாரமும் இப்படித்தானா?"

அவள் சால்வை முனையை மடித்து உள்ளங்கைக்குள் மறைத்தாள்.

"வாய் தொறந்து சொல்லு முனவ்வரா! ஒவ்வொரு முறையும் கேட்டனே! நல்லம், நல்லம்னு சொன்னியே!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாகப்போகிற மனுசியிடம் கத்துகிறேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? இன்னும் இறுக்கியிருப்பீங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

"வாந்தி நிண்டிச்சே..."

"அது குளிசையால நிண்டது. அந்தக் கிழமதான் டொக்டர் வாந்திக்குப் புதுக் குளிசை தந்த. றமீஸாவும் சொன்னாளே, ஒங்களுக்குக் கேக்கல்ல."

அவள் என் மாவுக்கட்டின் மேல் கையை வைத்தாள்.

"வருத்தம் எலும்புக்குப் போச்சுன்னு சொன்ன நாள்லேருந்து நீங்க பின்முற்றத்துல நிண்டு அழுறத நான் ஜன்னலால பாத்த. சோறு தின்னல்ல. என்ட முகத்தப் பாக்கல்ல. காருக்கடில போன பொறகுதான் நீங்க மனிசனா வந்தீங்க. கை கழுவிட்டு வந்து, 'இந்தக் கிழம இன்னும் நல்லாப் போகும்'னு சொல்லிட்டு வயிறாரத் தின்டீங்க. அத எப்படி நான் இல்லன்னு சொல்ற? எனக்கு நோவு எப்படியும் நோவுதான்."

வீடு வந்து சேர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அந்த அரை மணித்தியாலமும் அவள் சால்வையைக் கடித்துக்கொண்டு வந்தாள். இப்போது மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சசிக்குமார் தானாகவே கராஜுக்கு வந்து நின்றான். நான் இடது கையால் பிடிக்க, அவன் கழற்றினான். வான் ஸ்பிரிங்கைத் தூக்கி வெளியே எறிந்தேன். நைலோன் புஷ்களைத் தட்டி எடுத்துப் புது ரப்பர் அடித்தோம். இளகின ஸ்பிரிங், இளகின ஷொக். பாடியை மட்டும் தொடவில்லை, அது இறுகியபடியே இருந்தது. கடைத் தராசில் அரிசியைச் சரியாக முப்பத்தெட்டு கிலோ நிறுத்து ஏற்றினேன். அது சின்ன மூட்டை. என் இடது கையாலேயே இழுக்க முடிந்தது.

இந்த முறை நான் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பின்சீட்டில் அந்த மூட்டைக்குப் பக்கத்தில் முதுகை வைத்துப் படுத்துக்கொண்டேன். சசிக்குமார் ரத்தோட்டை வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். பாதை எங்கே முடிந்தது, குழி எங்கே தொடங்கியது என்று முதுகுக்குத் தெரியவில்லை. வளைவில் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. படுத்தபடியே அழுதேன். சசிக்குமார் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினான்.

அந்தக் கார் இனிக் கண்டிக்குப் போகத் தேவையில்லை. வேறு எங்கேயும் போகத் தேவையில்லை. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கார் இப்ப சரி. நான் பின்னால படுத்துப் பாத்த. ஒரு சின்ன ரவுண்ட் போயிட்டு வருவமா? கைகாவலை வளைவு மட்டும்."

"மச்சான், ஒங்களுக்கு என்ன பைத்தியமா? அவங்க படுக்கட்டும்" என்றாள் றமீஸா.

முனவ்வரா கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"போவோம்" என்றாள்.

எழுந்து உட்கார அவளால் முடியவில்லை. றமீஸாவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் படுக்கை விரிப்போடு அவளைத் தூக்கினார்கள். வாசல்படி இறங்கும்போது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அப்போதாவது திருப்பிக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரில் ஏற்றிவிட்டால் சுகமாக இருக்கும், ஏற்றினால் போதும் என்று நினைத்தேன். பின்னால் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சசிக்குமார் முட்டை கொண்டுபோகிற மாதிரி ஓட்டினான். கைகாவலை வளைவில் திருப்பிக்கொண்டு வந்தோம். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். என் முதுகுக்கு ஓர் உதையும் படவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றது.

"எப்படி?" என்று கேட்டேன். அவ்வளவும் தெரிந்த பிறகும் கேட்டேன்.

"நல்லம்" என்றாள்.

முகக்கவசம் இல்லை. சால்வை வாயில் இல்லை. குனிந்து அவள் முகத்தையே பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று அந்த முகத்திலிருந்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. கேட்டாலும் அதே பதில்தான் வரும். என் காரைப் பாராட்ட வைப்பதற்காக நோவெடுத்துக் கிடந்தவளைப் படுக்கையிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு செவ்வாய்க்கிழமையும் எனக்காக வந்தவள், அந்த வியாழக்கிழமையும் எனக்காகத்தான் வந்தாள்.

ஆறாம் நாள் அவள் மவுத்தாகிவிட்டாள்.

காரை விற்கவில்லை. உறவுக்காரர்கள் யாராவது அவசரத்துக்கு ஏறுவார்கள். ஏறினவர்கள் இறங்கும்போது, முஸம்மில் நானாவின் காரில் போவது வீட்டில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். போன கிழமை ஒரு கிழவர் பின்சீட்டில் இருந்து இறங்கி, நல்லம் என்றார். உண்மையைச் சொல்லுங்க என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.